பூஜைப் பலகையில் இருந்த ஸ்பேனர்

போன மாதம் ஓசூரிலிருந்து ஒருவர் போனில் கூப்பிட்டார். பழைய கார்களை வாங்கிப் புதுப்பித்து வைத்துக்கொள்வது அவருக்குப் பொழுதுபோக்கு. ஐம்பதுகளில் வந்த இங்கிலாந்து வண்டி ஒன்றை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து, துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, மறுபடி பூட்டியிருக்கிறார். எல்லாம் ஜோராக முடிந்தும் ஸ்டார்ட்டர் மட்டும் இழுக்கவில்லையாம். மூன்று எலக்ட்ரீசியன்கள் வந்து ஆளுக்கொரு காரணம் சொல்லி, மோட்டாரையே இரண்டு தடவை மாற்றிப் பார்த்துவிட்டார்களாம். யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்குக் காது மந்தம். அவரும் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் "பேட்டரி பார்த்தீங்களா, கிளாம்ப் பார்த்தீங்களா" என்று வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவர் போகிற போக்கில் ஒன்று சொன்னார்.

"இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு தெரியலைங்க. ஸ்டார்ட்டர் பொத்தானை அமுக்கினா சோக் குமிழ் சுடுது."

பொத்தானை இனிமேல் யாரும் தொடக் கூடாது, முதலில் போய் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம் என்றேன். அவர் லேசாகச் சிரித்தார். கிழவர் இவ்வளவு பயப்படுகிறாரே என்று நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளிதான். நாற்பது வருஷம் வண்டி வயரோடு மல்லுக்கட்டி ஒரு தீ விபத்துகூட இல்லாமல் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன் என்றால், அதற்கு என் கெட்டிக்காரத்தனம் காரணமில்லை. பயம்தான் காரணம். அந்தப் பயம் எந்த நாளில், எந்த இடத்தில் என்னைப் பிடித்தது என்பதை அந்தப் போன் வரும்வரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

காவேரிப்பட்டினத்தில் பேட்டரி சார்ஜ் போடும் கடை ஒன்றில் தொழிலுக்கு வந்தேன். அங்கே மூன்று வருஷத்தில் கற்றதெல்லாம், ஆசிட் பட்டால் வேட்டியில் ஓட்டை விழும் என்பதும், பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் நடுவே இரும்பை வைத்தால் என்ன ஆகும் என்பதும்தான். பிறகு கிருஷ்ணகிரியில் பெங்களூர் ரோட்டின் மேல் இருந்த ஒரு கார் பட்டறையில் வயரிங் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எனக்கு வயது இருபது இருக்கும். பட்டறை முதலாளிக்குத் தொழில் தெரியாது. பட்டறையை நடத்தியது மேஸ்திரி தேவசகாயம்.

மேஸ்திரி திட்டமாட்டார். இதைச் சொன்னால் கேட்பவர்கள் "நல்ல மனுஷன்" என்பார்கள். அவரிடம் வேலை பார்த்தவர்களைக் கேட்டால்தான் தெரியும். திட்டுகிற மேஸ்திரியாக இருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டு மறந்துவிடலாம். இவர் கழுத்துப் பொத்தான் வரை போட்ட காக்கிச் சட்டையோடு வந்து நம் பின்னால் நிற்பார். நாம் செய்வதைப் பார்ப்பார். "ம்" என்பார். அந்த "ம்" நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியாமல் அன்றைக்குச் சோறு இறங்காது.

ஸ்டார்ட்டர் இழுக்காத வண்டி வந்தால் அவர் முதலில் எதையுமே தொடமாட்டார். வண்டியைச் சுவரைப் பார்க்க நிறுத்தச் சொல்லி, முன் விளக்கைப் போட்டுவிட்டுப் பொத்தானை அமுக்கச் சொல்வார். அவர் பார்ப்பது இன்ஜினை அல்ல, சுவரில் விழும் வெளிச்சத்தை. வெளிச்சம் அடியோடு செத்துவிட்டால் பேட்டரியில் சத்து இல்லை, அல்லது அதன் முனையில் பிடிப்பு இல்லை. வெளிச்சம் மங்கி மோட்டார் முனகினால் மோட்டாருக்குள்ளேயே சிக்கல். வெளிச்சம் பெரிதாக மங்காமல் இன்ஜினும் சுற்றாமல் இருந்தால், பேட்டரியும் நல்லது, மோட்டாரும் நல்லது, நடுவில் வழி அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

வழி எங்கே அடைபட்டது என்பதை அவர் கையாலேயே கண்டுபிடிப்பார். பொத்தானை ஐந்து எண்ணும் வரை அமுக்கச் சொல்லி, விட்டதும், பேட்டரி முனையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு இணைப்பாக விரல்களின் பின்புறத்தால் தொட்டுக்கொண்டே போவார். கெட்ட இணைப்பு சுடும். நல்லது சில்லென்று இருக்கும். ஏன் பின்புறம் என்றால், உள்ளங்கையால் தொட்டுச் சூடு பட்டால் கை தன்னால் மூடி அந்தச் சூட்டையே பிடித்துக்கொள்ளும். புறங்கையால் தொட்டால் மூடுகிற கை விலகி வந்துவிடும். இதை அவர் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. நாங்களாகப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

அவர் வாய் திறந்து சொன்ன சட்டம் ஒன்றுதான். கழற்றினவன்தான் மாட்ட வேண்டும். ஆளுக்கொரு கொட்டாங்குச்சி உண்டு. கழற்றின போல்ட், நட்டு, வாஷர் எல்லாம் அதில்தான் இருக்க வேண்டும். வண்டி வெளியே போகும்போது கொட்டாங்குச்சி காலியாக இருக்க வேண்டும். ஒருவன் கழற்றியதை இன்னொருவன் மாட்டினால் தப்பு யார் மேல் என்று தெரியாமல் போய்விடும் என்பது அவர் கணக்கு.

ரங்கசாமி என்று ஒருவர் எங்களோடு இருந்தார். என்னைவிடப் பத்து வயது பெரியவர், கைதேர்ந்த ஆள். ஒரு லாரியின் பேட்டரி கிளாம்பை அவர் சரியாக முடுக்காமல் விட்டுவிட்டார். லாரி தொப்பூர் கணவாயில் நின்றுபோய், இழுத்துக்கொண்டு வந்தார்கள். மேஸ்திரி எங்கள் எல்லோரையும் நிற்க வைத்து, "இதை மாட்டினது யாரு?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. அவர் எங்கள் முகங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்து, ரங்கசாமியிடம் நின்று, "நாளையிலிருந்து வேணாம்" என்றார். அவ்வளவுதான். ரங்கசாமிக்கு மூன்று பிள்ளைகள். அன்று சாயங்காலம் அவர் தன் கொட்டாங்குச்சியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இதெல்லாம் நடந்து ஒரு வருஷத்துக்குள் அந்த ஆயுத பூஜை வந்தது.

பூஜைக்கு முன்னால் பட்டறையில் மூச்சு விட நேரம் இருக்காது. வண்டி வைத்திருப்பவர்களுக்கெல்லாம் அன்றைக்குத் தன் வண்டி பளபளவென்று நிற்க வேண்டும். காவேரிப்பட்டினத்தில் தென்னந்தோப்பு வைத்திருந்த ஒருவரின் கறுப்பு இங்கிலாந்து வண்டி எங்களிடம்தான் வரும். தோப்புக்காரர் என்றே நாங்கள் அவரைச் சொல்வோம். வண்டியின் அடிச்சட்டத்தைச் சுரண்டிக் கறுப்புப் பெயின்ட் அடித்துத் தரச் சொல்லியிருந்தார். அந்த வேலை எனக்கு வந்தது. பெயின்ட் அடிப்பதற்காக இன்ஜினின் எர்த் பட்டையைக் கழற்றினேன்.

அந்தப் பட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டார் இன்ஜினோடு சேர்த்துப் பூட்டியிருக்கும். பேட்டரியிலிருந்து தடித்த வயர் வழியாக மோட்டாருக்குப் போகிற கரண்ட், வண்டியின் இரும்புச் சட்டம் வழியாகத் திரும்பிப் பேட்டரிக்கு வர வேண்டும். ஆனால் இன்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பர் கட்டைகள் மேல். அதனால் இன்ஜினையும் சட்டத்தையும் இணைக்கச் செம்புக் கம்பியில் பின்னின ஒரு பட்டை இருக்கும். அதுதான் எர்த் பட்டை. பட்டை உட்காரும் இடத்தில் பெயின்ட் இருந்தால் கரண்ட் தாண்டாது. பெருவழி அடைபட்டால் வண்டி மாடு சந்தில் புகுவதைப் போல, கரண்டும் கிடைத்த இரும்பில் புகுந்து திரும்பப் பார்க்கும். பெரும்பாலும் அதற்குக் கிடைப்பது சோக் கம்பி. டிரைவர் முன்னால் இருக்கும் குமிழிலிருந்து கார்பரேட்டருக்குப் போகிற மெல்லிய கம்பி அது. மோட்டார் இழுக்கிற கரண்ட் அதற்குள் போனால் அடுப்பில் போட்ட ஊசி மாதிரி சிவந்துவிடும். அந்தக் கம்பியின் மறுமுனை இருப்பது பெட்ரோல் இருக்கும் இடத்தில்.

பூஜை அன்று காலையில்தான் பெயின்ட் காய்ந்தது. பட்டையை மாட்டப் போனேன். முறைப்படி பட்டை உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, இரும்பு தெரிந்த பிறகு, பல் வாஷர் போட்டு, ஸ்பேனரால் முடுக்க வேண்டும். நான் வண்டிக்கு அடியில் படுத்துப் போல்ட்டைக் கையால் சுற்றிக்கொண்டிருக்கும்போதே முதலாளி சத்தம் போட்டார். நல்ல நேரம் போகிறது, சாமானெல்லாம் பலகைக்கு வரட்டும் என்று. பக்கத்தில் வைத்திருந்த என் ஸ்பேனரை யாரோ பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

எங்கள் பட்டறையில் அன்று ஒரு திருகாணிகூட வெளியே இருக்கக் கூடாது. ஸ்பேனர், சுத்தியல், அரம், பேட்டரி ஆசிட் பார்க்கும் கண்ணாடிக் குழாய், வண்டிகளை முன்னால் நின்று சுற்றி ஸ்டார்ட் செய்யும் ஹேண்டில் வரைக்கும் கழுவித் துடைத்து நீளப் பலகையில் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்துவிடுவார்கள். மறுநாள் காலை மறுபூஜை முடியும் வரை யாரும் தொடக் கூடாது. தொட்டால் வருஷம் முழுக்கக் கையில் காயம் படும் என்பார்கள். மேஸ்திரி தேவசகாயம் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். பூஜைக்கு வரமாட்டார். ஆனால் முந்தின நாளே தன் ஸ்பேனர்களைத் தேய்த்துத் துணியில் சுற்றி அனுப்பிவிடுவார். அந்த ஒரு நாள் அவரும் எதையும் தொடமாட்டார்.

நாளைக் காலையில் ஸ்பேனர் கைக்கு வந்ததும் சுரண்டி முடுக்கிக்கொள்ளலாம் என்று எழுந்து வந்துவிட்டேன். வண்டி மறுநாள்தானே போகிறது என்று ஒரு நினைப்பு. பல் வாஷர் என் கொட்டாங்குச்சியிலேயே கிடந்தது.

பூஜை முடிந்து பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு எல்லோரும் கிளம்பிப் போனார்கள். விளக்கைப் பார்த்துக்கொள்ள நான் மட்டும் இருந்தேன். மூன்று மணி இருக்கும், தோப்புக்காரரின் டிரைவர் முனியப்பா வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். பாகலூர்க்காரர், பாதிக் கன்னடமும் பாதித் தமிழுமாகப் பேசுவார்.

"கோவிந்து, வண்டி வேணும், பேகா, சீக்கிரம். சின்னம்மாவுக்கு நேத்துலேர்ந்து வலி. இங்க ஆவாது, பெங்களூருக்குக் கொண்டு போங்கன்னுட்டாங்க டாக்டரம்மா."

சின்னம்மா என்பது தோப்புக்காரரின் மகள். தலைப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தவள். காலையிலிருந்து கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் இருக்கிறாளாம். நான் பதில் சொல்வதற்குள் முனியப்பா வண்டியில் ஏறிப் பொத்தானை அமுக்கிவிட்டார். இன்ஜின் ஒரு முறை "உம்" என்று முனகி, அரைச் சுற்று சுற்றி நின்றது. இரண்டாவது தடவை அதுவும் இல்லை. காய்ந்த எண்ணெய்ச் சட்டி வாசனை ஒன்று வந்தது. எனக்கு அது என்ன வாசனை என்று தெரியும். சோக் கம்பி காய்கிற வாசனை.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். அரை நிமிஷப் பேச்சு. சொன்னால் ஸ்பேனர் எடுக்க வேண்டும். ஸ்பேனர் பலகையில் குங்குமத்தோடு இருக்கிறது. எடுத்தால் முதலாளிக்குத் தெரியும், மேஸ்திரிக்குத் தெரியும், "இதை மாட்டினது யாரு" என்று ஒரு கேள்வி வரும். ரங்கசாமி கவிழ்த்து வைத்த கொட்டாங்குச்சி கண் முன்னால் வந்தது. முனியப்பா ஹேண்டிலைக் கேட்டார். பூஜையில் இருக்கிறது என்றேன். அவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சரி, தள்ளு" என்றார். பட்டறை வாசல் சரிவு. இரண்டு பேரும் தள்ளி, அவர் தாவி ஏறி, வண்டி ஸ்டார்ட் ஆகிப் புகை விட்டுக்கொண்டு போனது.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஒரு கணம் நினைத்தேன். வண்டி ஓடுகிற வரைக்கும் பயமில்லை, பொத்தானை அமுக்கினால்தான் ஆபத்து. அப்புறம்தான் உறைத்தது. ஆஸ்பத்திரியில் நிறுத்துவார்கள். சூளகிரி ஏற்றத்தில் அந்த வண்டி எப்போதும் கொதிக்கும், நிறுத்தித் தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும். ஆளரவமில்லாத அந்த இடத்தில் முனியப்பா பொத்தானை அமுக்குவார். பின்சீட்டில் அந்தப் பெண் எழுந்து ஓட முடியாமல் படுத்திருப்பாள். இதை நினைத்ததும் என் கால் தன்னால் ஓட ஆரம்பித்துவிட்டது. பூஜை விளக்கை அப்படியே விட்டுவிட்டு, மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த மேஸ்திரி வீட்டுக்குப் போனேன்.

ஓடும்போது முழுவதையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஓடினேன். அவர் கதவைத் திறந்து நின்றதும், தோப்புக்காரர் வண்டி ஸ்டார்ட்டர் இழுக்கவில்லை, பிரசவக் கேஸ், ஆஸ்பத்திரியில் நிற்கிறது என்று மட்டும் சொன்னேன். பாதி உண்மை. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு நடந்தார்.

ஆஸ்பத்திரி வளாகத்தில் வண்டி நின்றுபோயிருந்தது. முதல் நாள் மழையில் தரை சேறு, தள்ளினால் சக்கரம் புதைந்தது. தோப்புக்காரர் மேல் துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வண்டியையும் வார்டு வாசலையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அந்தப் பெரிய மனுஷன் மேஸ்திரியைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

மேஸ்திரி எப்போதும் போலவே ஆரம்பித்தார். வண்டிக்கு முன்னால் ஆஸ்பத்திரிச் சுவர் இருந்தது. விளக்கைப் போடச் சொன்னார். பொத்தானை அமுக்கச் சொன்னார். சுவர் வெளிச்சம் கொஞ்சமே மங்கியது, இன்ஜின் அசையவில்லை. "ம்" என்றார். வழி அடைப்பு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பானெட்டைத் திறந்து பேட்டரி முனையைப் புறங்கையால் தொட்டார். அடுத்து சட்டத்தில் இறங்கும் வயர். அடுத்து ஸ்விட்ச். நான் பக்கத்தில் நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒவ்வொரு இணைப்பாக நகர்ந்து என்னைப் பார்க்க வந்துகொண்டிருந்தது. விடை எனக்குத் தெரியும். என் வாய்க்குள்தான் இருந்தது. அந்த மனுஷன் ஒவ்வொன்றாகத் தொடத் தொட நிமிஷம் போய்க்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டது.

அதற்குள் அவளைத் தூக்கி வந்து பின்சீட்டில் படுக்க வைத்துவிட்டார்கள். மேஸ்திரி கார்பரேட்டர் பக்கம் குனிந்து, "இன்னொரு தடவை, அஞ்சு எண்ணு" என்றார். முனியப்பா பொத்தானை அமுக்கினார். மேஸ்திரியின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் சோக் கம்பியிலிருந்து நூல் மாதிரி புகை எழும்பியது. அவர் பார்வை ஸ்விட்ச் மேல் இருந்தது. கார்பரேட்டருக்கு அடியில் ஒரு சொட்டுப் பெட்ரோல் விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

"முனியப்பா, கையை எடு" என்று கத்தினேன். என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. பாய்ந்து பேட்டரி கிளாம்பை வெறுங்கையால் திருகிப் பிடுங்கினேன். உள்ளங்கையில் தோல் கிழிந்தது.

முனியப்பா, "சோக்கு அப்பவே சுட்டுச்சு, நான் இன்ஜின் சூடுன்னு நெனச்சேன்" என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். பின்சீட்டுப் பக்கம் மகளோடு இருந்த தோப்புக்காரருக்குக் கேட்காத குரலில் நான் சொல்லிவிட்டேன்.

"எர்த் பட்டைங்க, மேஸ்திரி. பெயின்ட் மேலேயே வெச்சிட்டேன். கையாலதான் முடுக்கியிருக்கேன். ஸ்பேனர் பூஜைக்குப் போயிருச்சு."

"கழற்றினது யாரு?"

"நான்தானுங்க."

"அப்ப நீதான் மாட்டணும். போய் ஸ்பேனர் எடுத்துட்டு வா."

"பலகையில இருக்குதுங்க."

அவர் குரல் ஏறவில்லை. "என்னோடதும் அங்கதான் இருக்கு. அதை எடு. பாவம்னா எனக்கு வரட்டும்."

பட்டறை ஒரு பர்லாங்கு தூரம். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பலகை முன்னால் நின்று கும்பிட்டேன், என்ன வேண்டிக்கொண்டேன் என்று நினைவில்லை. அவர் ஸ்பேனரை எடுத்தேன். குங்குமம் கையில் ஒட்டியது, என் ரத்தம் ஸ்பேனரில் ஒட்டியது. கொட்டாங்குச்சியிலிருந்து பல் வாஷரை எடுத்துக்கொண்டு திரும்ப ஓடினேன்.

சேற்றில் மல்லாந்து வண்டிக்கு அடியில் நுழைந்தேன். மேஸ்திரி பேனாக்கத்தியை நீட்டினார், வேறெதுவும் செய்யவில்லை. சேற்றுக் கையில் கத்தி மூன்று தடவை நழுவியது. எனக்கு மேலே, பலகைத் தரைக்கு அந்தப் பக்கம், அந்தப் பெண் படுத்திருந்தாள். அவள் முனகுவது, மூச்சு வாங்குவது, "அப்பா, இன்னும் ஏன் போகல" என்று கேட்டது எல்லாம் எனக்கு நேராகக் காதில் விழுந்தது. தோப்புக்காரர் "இதோம்மா, ஆச்சும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் செய்த வேலைக்கு அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இரும்பு வெள்ளையாகத் தெரிகிற வரை சுரண்டி, வாஷரை வைத்து, பட்டையை வைத்து, முடுக்கினேன். இனிச் சுற்றாது என்ற பிறகும் இன்னொரு கால் சுற்று முடுக்கினேன்.

வெளியே வந்து நான் பேட்டரி வயரை மாட்டினதும் மேஸ்திரி முனியப்பாவை இறங்கச் சொன்னார். என்னை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னார். பிறகு பானெட்டுக்குள் கையை விட்டு, சோக் கம்பியை உள்ளங்கையால் இறுகப் பிடித்தார். புறங்கையால் இல்லை, உள்ளங்கையால்.

"அமுக்கு" என்றார்.

என் வாழ்க்கையில் அந்தப் பொத்தானை அமுக்கினதைப் போலப் பயந்து எதையும் செய்ததில்லை. பட்டை சரியில்லை என்றால் அவர் கை வெந்துவிடும். அவருக்கும் அது தெரியும். கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன். இன்ஜின் ஒரே இழுப்பில் எழுந்தது. கண்ணைத் திறந்தபோது அவர் இன்னும் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். கையை எடுத்து, விரித்துப் பார்த்து, துணியில் துடைத்துக்கொண்டார். வண்டி பெங்களூர் ரோட்டில் ஏறிப் போனது.

முனியப்பா பட்டறைக்கு ஓடி வந்ததிலிருந்து வண்டி கிளம்பினது வரை நாற்பது நிமிஷம். யாரும் கணக்கு வைக்கவில்லை, நான்தான் வைத்தேன்.

மறுநாள் மறுபூஜைக்கு முன்னால் ஸ்பேனரைக் கழுவிப் பலகையில் வைத்துவிட்டு, "நாளையிலிருந்து வேணாம்" என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. முதலாளிக்கு விஷயமே தெரியவில்லை. மூன்றாம் நாள் முனியப்பா வந்தார். தாய் பிழைத்துக்கொண்டாள், குழந்தை பிழைக்கவில்லை என்றார். மேஸ்திரி, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். முந்தின நாளே கொண்டு வந்திருக்க வேண்டும் என்றார்களாம், இரண்டு மணி நேரம் முன்னால் வந்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்றார்களாம். மேஸ்திரி அதை எனக்காகத்தான் கேட்டார் என்று இன்று புரிகிறது. அன்று என் காதில் விழுந்தது குழந்தை பிழைக்கவில்லை என்பது மட்டும்தான்.

ஒரு வாரம் கழித்துத் தோப்புக்காரரே வந்தார். நல்ல நாளும் அதுவுமாகத் தன் மகளுக்காக ஓடி ஓடி வண்டியைக் கிளப்பிக் கொடுத்ததற்கு நன்றி என்று எனக்கு ஒரு வேட்டியும் துண்டும் கொடுத்தார். நான் மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கிக்கொண்டேன். அந்த வேட்டியை நான் ஒரு நாளும் கட்டவில்லை.

மாதக்கணக்கில் மனதில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு நாள் மேஸ்திரியிடமே கேட்டேன், ரங்கசாமியை நிறுத்தினவர் என்னை ஏன் நிறுத்தவில்லை என்று. அவர் கையிலிருந்த போல்ட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"அவன் சொல்லல. நீ சொன்ன." போல்ட்டைக் கீழே வைத்துவிட்டு, "லேட்டாத்தான் சொன்ன" என்றார்.

அதற்கப்புறம் நான் எத்தனையோ இடத்தில் வேலை பார்த்தேன். ஓசூரில் தொழிற்பேட்டை வந்த பிறகு ஒரு கம்பெனி வண்டிகளை ஓய்வு பெறும்வரை பார்த்துக்கொண்டேன். எந்த வண்டி வந்தாலும் முதலில் கீழே படுத்து எர்த் பட்டையைத்தான் தொட்டுப் பார்ப்பேன். எனக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் என் முதுகுக்குப் பின்னால் என்னைப் "பட்டை கோவிந்தன்" என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

காலையில் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு வந்த ஓசூர்க்காரரிடம் எர்த் பட்டையைக் கழற்றி அடியில் பார்க்கச் சொல்லியிருந்தேன். அவர் அன்று சாயங்காலமே மறுபடி கூப்பிட்டார். பட்டையைக் கழற்றி அடியில் பார்த்தால் மொத்தமாகப் பெயின்ட் இருந்ததாம். சுரண்டி முடுக்கினதும் ஒரே இழுப்பாம். பார்க்காமலே எப்படிச் சொன்னீர்கள் என்று ஆச்சரியப்பட்டார். அந்தப் பட்டையை மாட்டினது யார் என்று கேட்டேன்.

"நம்ம பெயின்டர்தாங்க. இங்கதான் நிக்கிறார். காலையிலேர்ந்து எல்லார் முன்னாடியும் மூணு தடவை கேட்டுட்டேன், எல்லாம் சுரண்டித்தான் மாட்டினேன்னு சாதிச்சாரு. ரெண்டு மோட்டார் வீணா மாத்தினோம், பாருங்க."

"அவருக்கு என்ன வயசு?"

"நாப்பது இருக்கும். ஏன் கேக்குறீங்க?"

பிள்ளை குட்டிக்காரராக இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன். அந்தப் பக்கம் பெயின்டர் போனை வாங்கினார்.

"நானும் ஒரு தடவை பெயின்ட் மேலயே மாட்டிட்டேங்க" என்றேன். "தெரிஞ்சும் வாயைத் திறக்கல. நாற்பது நிமிஷம் வீணாப் போச்சு."

அந்த மனுஷர் மெதுவாக, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில், "அப்புறம் என்ன ஆச்சுங்க?" என்று கேட்டார்.

அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.